செதில் வாங்கிய கத்தி

என் தம்பி பொண்டாட்டியைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அதைத் தாராளமாக நம்பலாம். நாத்தனார் வாயிலிருந்து பாராட்டு அவ்வளவு லேசில் வராது. அதிலும் எனக்கு மூக்கு மேல் கோபம் என்று சந்தை முழுக்கத் தெரியும். மீன் சந்தையில் நான்காவது வரிசையில் நான் மீன் விற்கிறேன். என் பலகையை ஒட்டினாற்போல் அவள் பலகை. நான் விற்கிற மீனை அவள் செதில் சுரண்டி, செவுளும் குடலும் எடுத்து, கேட்ட அளவில் துண்டு போட்டுக் கொடுப்பாள். குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்தாலும் கன்னத்திலோ காதோரத்திலோ ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் சந்தையில் அவளுக்குப் பெயரே செதில். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாளே ஒழிய கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவள் இடது கைக்காரி. பேனா, கரண்டி, கத்தி எல்லாம் இடது கையில்தான். கல்யாணமாகி வந்த புதிதில் சந்தைக்குக் கூட்டிவந்தபோது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வெட்டுகிறாளே என்று முதலில் கேலியை ஆரம்பித்தவள் நான்தான். என்னைப் பார்த்து மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவளோ ஆறே மாதத்தில் வேகத்தில் எங்கள் வரிசையையே தாண்டிவிட்டாள். அதற்கப்புறம் யாருக்கும் கேலி செய்ய வாய் வரவில்லை, என்னையும் சேர்த்து.

ஒரே ஒரு வேலைதான் அவளுக்குப் படியவில்லை. முள் நீக்கி முழுச் சதையாக வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் அவள் முகம் சின்னதாகிவிடும். அந்த வேலைக்கு மீனைப் படுக்க வைத்து, முதுகுப் பக்கம் கீறி, கத்தியை நடுமுள்ளின் மேல் படுத்த வாக்கில் வைத்து, தலையிலிருந்து வால் வரை வழித்துக்கொண்டு போகவேண்டும். இவள் கையில் கத்தி முள்ளை விட்டுவிட்டு மேலே ஏறும். பாதிச் சதை முள்ளோடு நின்றுவிடும். ஏறவிடாமல் அழுத்தினால் முள்ளையே அறுத்துக்கொண்டு போகும். அப்போது முள் சதையோடு வந்துவிடும். அடுத்த வரிசை மீசைக்காரரிடம் கத்தி இரவல் வாங்கிப் பார்த்தாள், எதிர்ப் பலகை அக்காவின் கத்தியை வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே கதை. தன் கை அப்படி என்று முடிவு கட்டிவிட்டாள். அப்படிக் கேட்டு வருகிறவர்களை மீசைக்காரரிடம் அனுப்பிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மீனைச் சுரண்டுவாள்.

என் தம்பிக்கு வேலை சாணை பிடிப்பது. சைக்கிளின் பின்பக்கம் சாணைச் சக்கரத்தைப் பூட்டி, நிறுத்தி வைத்து மிதித்தால் பொறி பறக்கும். அதனால் அவனுக்குப் பொறி என்று பெயர். காலையெல்லாம் தெருத்தெருவாகப் போவான். சந்தை மூடியதும் சந்தைக் கத்திகளையெல்லாம் வாளியில் வாங்கிக்கொண்டு போய், வீட்டுப் பின்முற்றத்தில் உட்கார்ந்து கூர் போட்டு, விடிந்ததும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே கிளம்பிவிடுவான். நாங்கள் மீனில் கை வைக்கும்போது அவன் நாலு தெரு தள்ளி எங்கேயோ கத்திரிக்கோல் தீட்டிக்கொண்டிருப்பான். அவன் பிடித்த கத்தியை வேறு யாராவது தொட்டால் அவனுக்குப் பொறுக்காது. ஒருமுறை மீசைக்காரர் அவசரத்துக்குக் கல்லில் தேய்த்துக்கொண்டார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்படி ஒரு கர்வம்.

விஷயம் இப்படித்தான் தொடங்கியது. பெரிய மருத்துவமனைச் சமையற்கூடத்தை நடத்துகிற மேடம் என் வாடிக்கை. அவர்கள் ஒரு நாள் வந்து, நோயாளிகளுக்கு மீன் சுத்தம் செய்ய ஒரு நிரந்தர ஆள் வேண்டும், காலை ஏழு முதல் இரண்டு வரை, நல்ல கையாக இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு உடனே பக்கத்துப் பலகைதான் கண்ணில் பட்டது. செதிலுக்கு வருஷத்தில் பாதி நாள் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். பன்னிரண்டு வருஷமாகச் சந்தைத் தண்ணீரில் நின்ற கால். காலைக் காயவையுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, மீன்காரி காலை எங்கே சார் காயவைக்கிறது என்று அவரையே சிரிக்கவைத்துவிட்டு வந்தவள். சிரித்தாலும், வீட்டுக்கு வந்து மருந்து போடும்போது பல்லைக் கடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சமையற்கூடத்தில் தரை காய்ந்திருக்கும், உட்கார்ந்து வெட்ட உயரமான முக்காலி இருக்கும் என்று மேடம் சொன்னதைக் கேட்டதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"அங்க கால் நனையாதா மேடம்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

நனையாது என்றார்கள். ஆனால் வேலை முழுக்க முழுக்க முள் நீக்கிய சதைதான். ஒரு வாரம் கழித்துச் சனிக்கிழமை காலையில் பரீட்சை. ஒரு மணி நேரத்தில் ஐந்து கொடுவா மீன். சதையில் ஒரு முள் இருக்கக்கூடாது, முள்ளில் சதை இருக்கக்கூடாது. நோயாளிகள் சாப்பிடுவது, விளையாட்டில்லை என்றார்கள். செதில் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, இவள் வருவாள் மேடம் என்று அவளைக் கேட்காமலே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாய் அப்படி.

செய்தி பரவியதும் சந்தையே அவளுக்கு வாத்தியாராகிவிட்டது. கத்தி நீளமாக இருக்கவேண்டும் என்றார் மீசைக்காரர். குட்டையாக இருந்தால்தான் கைக்கு அடங்கும் என்றாள் எதிர்ப் பலகை அக்கா. கனமாக இருந்தால் தானாகவே இறங்கும் என்றார் ஐஸ்காரர். அவர் வாழ்நாளில் ஒரு மீனை வெட்டியதில்லை. இரண்டு பேர் சொன்னதைக் கேட்டு அவள் இரண்டு மீனைக் குதறி வைத்தாள். அந்த இரண்டையும் அன்று இரவு நாங்கள்தான் முள் பொறுக்கித் தின்றோம். புதுக் கத்தி வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நான் சொன்னேன். சந்தைக் கத்தியெல்லாம் தடித்தது, வளையாது. முள் வளைகிற இடத்தில் தானும் வளைந்து கொடுக்கிற மெல்லிய கத்தி வேண்டும்.

அவள் தயங்கினாள். சாணைக்காரன் வீட்டில் கத்திக்கா பஞ்சம்? அவள் கையில் இருப்பதெல்லாம் அவன் தேடி வாங்கி, பிடி மாற்றி, கூர் போட்டுக் கொடுத்தவை. அது சரியில்லை என்று கடைக்குப் போனால் மனுஷன் என்ன நினைப்பார் என்று என்னையே கேட்டாள். காதும் காதும் வைத்தாற்போல் வாங்கிவிடலாம், பரீட்சை முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்லி, புதன்கிழமை சந்தை மூடியதும் கடைத்தெருவில் இருக்கிற பெரிய கத்திக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

கண்ணாடி அலமாரி போட்ட கடை. கடைக்காரர் வெள்ளைச் சட்டை மனிதர். மீன் கத்தி என்றதும் ஏழெட்டை எடுத்து வெல்வெட்டுத் துணியில் பரப்பினார். நான் பளபளப்பாக இருந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். செதில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, நுனியைப் பலகையில் ஊன்றி மெதுவாக வளைத்தாள். வளையாததை ஒதுக்கினாள். வளைந்துவிட்டு நேராகத் திரும்பாததையும் ஒதுக்கினாள். மிச்சம் மூன்று. அதில் ஒன்று அவள் முழங்கை வரை நீளம். இது மீனை வெட்டவா, மீன்காரியை வெட்டவா என்று நான் கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. அதுவும் போயிற்று.

மிச்சம் இரண்டு இருக்கும்போது அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். எனக்குப் பகீரென்றது. அன்று வெட்டிய மீனின் வழுவழுப்பை வழித்து எடுத்து வந்திருக்கிறாள். கடைக்காரர் வாய் திறப்பதற்குள் உள்ளங்கை முழுக்கப் பூசிக்கொண்டு, ஒரு கத்தியின் பிடியை இறுக்கிப் பிடித்து முறுக்கினாள். மரப்பிடி, வழுக்கியது. அடுத்தது கறுப்பு ரப்பர் மாதிரி ஒரு பிடி. முறுக்கினாள், அசையவில்லை. பிடிக்கும் அலகுக்கும் நடுவில் விரல் நழுவிப் போகாமல் இருக்க ஒரு மேடும் இருந்தது. கடைக்குள் வந்திருந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். வெல்வெட்டுத் துணியைப் பார்த்த கடைக்காரருக்கு அழுகை வராத குறை.

"காய்ஞ்ச கையில எல்லாப் பிடியும் நல்லாத்தான் இருக்கும் சார். நாங்க காய்ஞ்ச கையோட வெட்டுறதில்ல" என்றாள் செதில்.

அந்தக் கறுப்புப் பிடிக் கத்தியை வாங்கினோம். ஒரு சாண் நீளம், அகலம் என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. காலியான சந்தைக்குத் திரும்பி வந்து, என் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கொடுவாவை எடுத்துப் போட்டு முதுகில் கீறினாள். கத்தியைப் படுக்க வைத்து வழித்தாள். சரசரவென்று முள்ளின் மேலேயே போயிற்று. வால் வரைக்கும் போயிற்று. மேல் சதை ஒரே தகடாகக் கையில் வந்துவிட்டது. கீழே முள் வெள்ளைச் சீப்பு மாதிரி சுத்தமாக இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் எடுத்தாள். அப்புறம் இன்னொரு மீன். அதுவும் அப்படியே வந்தது. என் கைதான் அண்ணி, என் கையேதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கத்தியைத் துணியில் சுற்றி என் ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தோம்.

குட்டு மறுநாளே உடைந்தது. குற்றவாளி நான்தான். எத்தனையோ கடை இருக்க, நான் கூட்டிப்போன கடையின் கத்திரிக்கோல்களுக்கெல்லாம் சாணை பிடிப்பது என் தம்பி. பணம் கொடுக்கும்போது, இவள் சாணைக்காரர் பொறியின் வீட்டம்மா என்று நான் வேறு பெருமையடித்திருந்தேன். வியாழக்கிழமை அவன் அங்கே போனபோது வெள்ளைச் சட்டைக்காரர், உங்கள் வீட்டம்மா மாதிரி கத்தி பார்க்கத் தெரிந்தவர்களை நான் கண்டதில்லை என்று மனதாரப் புகழ்ந்திருக்கிறார். வெல்வெட்டுத் துணியைத் துவைத்தாகிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார்.

பொறி வீட்டுக்கு வந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். அவள் பின்னாலேயே போய், பரீட்சைக்காக வாங்கினேங்க, அண்ணி ஐஸ் பெட்டிக்கு அடியில்தான் இருக்கு, சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்று ஏதேதோ சொன்னாள். சரி சரி என்றான். அந்த இரண்டு சரியிலும் ஒரு சரியும் இல்லை. பக்கத்து அறையில் இருந்த என் காதிலும் அது விழுந்தது. வாங்கச் சொன்னதும் நான், ஒளித்து வைக்கச் சொன்னதும் நான். அதைச் சொல்லித் தொலைக்கலாம் என்று போனால், தலை வலிக்கிறதக்கா என்று படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் சந்தையிலிருந்து திரும்பியபோது அவன் பின்முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். அன்று தெருவுக்கே போகவில்லை. மடியில் துணி விரித்து, அதன் மேல் அந்தக் கறுப்புப் பிடிக் கத்தி. காலையில் கத்திகளைக் கொடுக்க வந்தபோது என் ஐஸ் பெட்டிக்கு அடியிலிருந்து எங்களுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறான். அதன் அலகில் என் முகம் தெரிந்தது. கடைக் கூர் நாலு நாளைக்குத் தாங்காது, நாளைக்குப் பரீட்சை, அதனால் என் கையால் ஒரு தடவை பிடித்து வைத்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். காலையிலிருந்து அது ஒன்றைத்தான் செய்திருக்கிறான். அவன் சமாதானமாகிற விதம் அதுதான். செதில் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டில் மறுபடி வெளிச்சம் வந்தாற்போல் இருந்தது. நான் உள்ளே போய்க் காப்பி போட்டேன்.

காப்பியோடு வெளியே வந்தால், முற்றத்துப் பலகையில் அவள், பழகுவதற்குக் கொண்டுவந்திருந்த மீனில் ஒன்றைக் கீறி வைத்துக்கொண்டு சிலையாக நிற்கிறாள். முள்ளில் பாதிச் சதை நிற்கிறது. இன்னொரு மீனை எடுத்தாள். கத்தி ஏறியது. அழுத்தினாள். நறநறவென்று முள் அறுபட்டது. அவள் கத்தியைக் கழுவித் துடைத்துப் பலகையில் வைத்தாள்.

"நான் நாளைக்குப் போகல அண்ணி. என் கை இவ்வளவுதான்" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. முந்தாநாள் இதே கைதானே வெட்டியது, இதே கத்திதானே, இதே மீன்தானே, நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லையா என்று கத்தினேன். அப்படியானால் நடுவில் என்னதான் நடந்தது என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். எதிரில் என் தம்பி நான் கொடுத்த காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். நடுவில் அந்தக் கத்தியைத் தொட்டவன் அவன் ஒருவன்தான். அவளும் புரிந்துகொண்டாள். வேண்டாம் அண்ணி என்பதுபோல் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவனும் புரிந்துகொண்டான். டம்ளரைக் கீழே வைத்தான். இன்னொரு மீன் வெட்டு, நான் பார்க்கிறேன் என்றான்.

பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவள் வெட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. நாங்கள் வெட்டுகிற நேரத்தில் அவன் தெருவில் இருப்பான். வீட்டுக்குச் சந்தையிலிருந்தே வெட்டிக்கொண்டு வந்துவிடுவோம். இப்போது பலகைக்கு எதிரில் குந்தி, கண்ணை அலகுக்கு நேராக வைத்துக்கொண்டு பார்த்தான். கத்தி மறுபடி ஏறியது. நிறுத்தச் சொன்னான். அவள் கையை அப்படியே பிடித்து, படுத்திருந்த கத்தியை லேசாகத் தூக்கி அடியில் பார்த்தான். விரலால் தடவினான். அப்புறம் தன் வலது கையில் அதே கத்தியை வாங்கி, மீனைத் திருப்பி வைத்து அவனே ஒரு இழுப்பு இழுத்தான். அவனுக்கு மீன் வெட்டத் தெரியாது. ஆனாலும் கத்தி முள்ளோடு ஒட்டிக்கொண்டு அழகாகப் போயிற்று.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். விஷயம் இதுதான். அவன் சாணை பிடிப்பது ஒரு பக்கச் சாய்வு. கத்தியின் வலது பக்கத்தை மட்டும் சக்கரத்தில் சாய்த்துப் பிடிப்பான், இடது பக்கத்தில் பிசிறை மட்டும் எடுத்துவிட்டுத் தட்டையாக விட்டுவிடுவான். வலது கைக்காரர் மீனை வழிக்கும்போது தட்டைப் பக்கம் கீழே வந்து முள்ளோடு ஒட்டி ஓடும். சந்தைக் கத்தி அத்தனையும் அப்படித்தான், எல்லாம் அவன் கையால் பிடித்தது. இடது கையில் அதே கத்தி தலைகீழ். சாய்வு கீழே வந்து கத்தியை முள்ளிலிருந்து மேலே தள்ளிவிடும். கடையிலிருந்து வந்த கத்திக்கு இரண்டு பக்கமும் சமமாகக் கூர் இருந்தது. அதைத்தான் இவன் காலையிலிருந்து உட்கார்ந்து அன்பாகச் சரிசெய்து வைத்திருக்கிறான்.

"பன்னிரண்டு வருஷமா ஏதோ ஒரு வலது கை பொண்டாட்டிக்குச் சாணை புடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்க்கா" என்றான். சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் முகம் கோணியது.

செதில்தான் முதலில் சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. யாருங்க அந்தப் பொண்டாட்டி, எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டாள். அவனும் சிரித்துவிட்டான். அந்த நேரத்தில் எனக்கு என் கேலிதான் ஞாபகம் வந்தது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வெட்டுகிறாள் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அவள் கத்தியும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரிதான் இருக்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே. அதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். போங்க அண்ணி என்றாள்.

உடனே கூரை மாற்றிப் பிடிக்கவேண்டும். முப்பது வருஷம் கத்தி பிடித்த கைக்கு அது வரவில்லை. இடது பக்கத்தைச் சாய்த்துப் பிடிக்க, அவன் கைகள் இரண்டும் இடம் மாறவேண்டும். முதல் தடவை சக்கரம் கத்தியைத் தட்டிவிட்டது. நல்லவேளை, முற்றத்தில் யார் காலிலும் விழவில்லை. வீட்டிலிருந்த பழைய கத்தி ஒன்றை எடுத்து, நேற்றுத்தான் தொழில் கற்க வந்தவன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு பழகினான். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் படுக்க வையுங்க, மெதுவாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொழிலில் எவன் வாய் வைத்தாலும் பொறுக்காதவன், அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். வெளிச்சம் போவதற்குள் கறுப்புப் பிடிக் கத்தி தயாராகிவிட்டது. சோதித்துப் பார்க்க மீன் இல்லை. இருந்ததையெல்லாம் குதறித் தீர்த்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை செதிலோடு நானும் போனேன். அவர்கள் கூப்பிடவில்லை, நானே போனேன். சமையற்கூடத்தில் தரை நிஜமாகவே காய்ந்து கிடந்தது. செதில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கணம் வெறுங்காலோடு நின்று பார்த்துக்கொண்டாள். உயரமான முக்காலி, வெள்ளைப் பலகை, ஐந்து கொடுவா. மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்றார்கள்.

முதல் மீனின் முதுகைக் கீறி, கத்தியைப் படுக்க வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரசரவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்தபோது சதை தனியாகத் தட்டில் இருந்தது. கடைக் கூரில் வந்ததைவிடவும் வழவழப்பாக வந்திருந்தது. அதற்கப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. வழித்தாள், திருப்பினாள், வழித்தாள். சதை நடுவில் வரிசையாக நிற்கிற சின்ன முள்ளை விரலால் தடவித் தடவி இடுக்கியால் பிடுங்கினாள். ஐந்தாவது மீன் முடிந்தபோது இன்னும் பத்து நிமிஷம் மிச்சமிருந்தது.

மேடம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு சதைத் துண்டையும் எதிர்வாக்கில் விரலால் தடவினார்கள். முள்கூடு ஐந்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். உள்ளே போய் இன்னொரு மீனை எடுத்து வந்து பலகையில் போட்டார்கள். அந்தக் கத்தியை ஒரு நிமிஷம் கொடுங்கள், இவ்வளவு சுத்தமாக எப்படி வருகிறது பார்க்கிறேன் என்றார்கள். அவர்களுக்கும் மீன் வெட்டி நல்ல பழக்கம் உண்டு. வலது கையில் கத்தியைப் பிடித்து, கீறி, வழித்தார்கள். கத்தி மேலே ஏறியது. மறுபடி வழித்தார்கள். பாதிச் சதை முள்ளோடு நின்றது. மேடம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க இது, எனக்கு வரவே மாட்டேங்குது?"

செதில் முக்காலியிலிருந்து எழுந்து நின்றாள். பன்னிரண்டு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு மீன் வெட்டியவள், அன்று நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"அது எனக்குன்னு புடிச்சது மேடம். என் வீட்டுக்காரர் புடிச்சது."

மேடம் அவளையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு கத்தியைத் துடைத்து, பிடிப் பக்கமாக அவளிடம் நீட்டினார்கள். அப்படியானால் திங்கட்கிழமை வரும்போது இதையே கொண்டு வாருங்கள் என்றார்கள்.

வெளியே வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளோடு என் தம்பி நின்றுகொண்டிருந்தான். அன்றும் தெருவுக்குப் போகவில்லை. எங்களைப் பார்த்ததும் அவன் கேட்டது வேலை கிடைத்ததா என்று இல்லை, கத்தி எப்படி என்றுதான். செதில் நடந்ததையெல்லாம் சொன்னாள். மேடம் கையில் கத்தி ஏறியது, அவர்கள் கேட்டது, தான் சொன்னது. அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே கேட்டான். கடைசியில், நீ என்ன சொன்னாய், அதை மட்டும் இன்னொரு தடவை சொல் என்றான். அவள் சொன்னாள். கொஞ்ச தூரம் நடந்ததும் மறுபடி கேட்டான். அவளும் சலிக்காமல் மறுபடி சொன்னாள். எனக்கு அழுகையாக வந்தது, அதைக் காட்டிக்கொள்ளவும் பிடிக்கவில்லை. வெயில் ஏறுகிறது, மிச்சத்தை வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று இருவரையும் அதட்டிவிட்டு நான் முன்னால் நடந்தேன்.